முப்பரிமாண மாடலிலிருந்து அளவு போட்ட டிராயிங்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கேட் (CAD) மென்பொருளில் பார்ட் மாடல் செய்யக் கற்றுக்கொண்டவர்களில் பலர், டிராயிங்கைக் கடைசி அரை மணி நேர வேலையாக நினைத்துவிடுகிறார்கள். மூன்று தோற்றங்களை வைத்து, தானாக அளவு போடும் பொத்தானை அழுத்தி, பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டால் முடிந்தது என்று எண்ணம். பார்க்க அதுவும் டிராயிங் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மில்லிங் மெஷின் முன் நிற்பவருக்கு எந்தப் பக்கத்தை முதலில் சீவுவது, எந்த அளவில் கறாராக இருப்பது என்று ஒன்றும் பிடிபடாது.

மாடல் செய்யும்போது ஸ்கெட்ச்சில் கொடுத்த அளவுகள் உங்கள் வசதிக்காகக் கொடுத்தவை. டிராயிங்கில் போடும் அளவுகள் அந்தப் பார்ட் என்ன வேலை செய்யப் போகிறது என்பதிலிருந்து வர வேண்டும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். அதனால் ஒரே ஒரு பார்ட்டை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை போவோம்.

"ஸ்டெப் கோப்பை அனுப்பினால் சிஎன்சி மெஷினே செய்துவிடுமே, டிராயிங் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஸ்டெப் என்பது வெவ்வேறு கேட் மென்பொருள்கள் மாடலைப் பரிமாறிக்கொள்ளும் கோப்பு வகை. வடிவத்தைச் செய்ய அது போதும். ஆனால் வழக்கமாக அனுப்பும் ஸ்டெப் கோப்பில் ஒரு துளை 42 மி.மீ. என்று மட்டும்தான் இருக்கும். அது 42.000 முதல் 42.025 வரை இருந்தால் சரி, அதைத் தாண்டினால் பியரிங் ஆடும் என்ற செய்தி அதில் இருக்காது. எந்தத் துளையில் மரை வெட்ட வேண்டும், எந்த முகம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதும் இருக்காது. ஓர் அளவு எவ்வளவு விலகலாம் என்ற இந்த வரம்புக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். அதையும் மாடலுக்குள்ளேயே வைத்து அனுப்பும் முறைகள் வந்துவிட்டன. ஸ்டெப் கோப்பின் ஏபி242 வகை அதற்கு இடம் தருகிறது. இருந்தாலும் செய்பவர், சோதிப்பவர், வாங்குபவர் மூவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசும் வழக்கம் இன்னும் போகவில்லை.

நாம் எடுத்துக்கொள்ளும் பார்ட்

ஒரு பியரிங் தாங்கி. கீழே 100 × 60 அளவில், 12 மி.மீ. தடிமனுள்ள அடித்தட்டு. அதன் பின்பக்க ஓரத்தில், நடுவில், 60 மி.மீ. அகலமும் 16 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு செங்குத்துச் சுவர். சுவரின் தலை அரைவட்டம், ஆரம் 30. அந்த அரைவட்ட மையத்தில்தான் 6004 பியரிங் உட்காரும் துளை இருக்கிறது: விட்டம் 42, ஆழம் 12. அதற்குப் பின்னால் 36 விட்டத்தில் ஊடுருவிப் போகும் சிறிய துளை. 6004 பியரிங்கின் வெளிவிட்டம் 42, உள்விட்டம் 20, அகலம் 12. துளையின் மையம் அடித்தட்டின் அடிப்பக்கத்திலிருந்து 55 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பியரிங்கை மூடும் தகட்டுக்காக, சுவரின் முன்முகத்தில் 51 விட்ட வட்டத்தில் சம இடைவெளியில் 3 எம்4 மரைத்துளைகள். அடித்தட்டின் நான்கு மூலைகளிலும் எம்6 திருகு நுழைய 6.6 விட்டத் துளைகள். அவை ஒரு திசையில் 80, மறு திசையில் 40 இடைவெளியில் உள்ளன. சுவரும் தட்டும் சேரும் உள்மூலையில் 5 ஆரத்தில் ஒரு ஃபில்லெட், அதாவது மூலையை நிரப்பும் வளைவு.

ஒரு தாளில் இதைக் கையால் கிறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

தாளைத் திறப்பதற்கு முன் மாடலைப் பாருங்கள்

மாடலில் குழப்பம் இருந்தால் அது அப்படியே டிராயிங்கில் ஏறும். ஸ்கெட்ச்சுகள் முழுமையாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மவுஸால் இழுத்தால் நகரும் கோடு ஒன்று இருந்தாலும் அது என்றைக்காவது நகரும்.

அடுத்தது தசம இலக்கங்கள். 55 என்று நினைத்து வரைந்த உயரம் உள்ளே 54.983 ஆக இருக்கலாம். டிராயிங் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி 55 என்றே காட்டும். பிறகு ஒருவர் மாடலை வைத்தும் இன்னொருவர் டிராயிங்கை வைத்தும் வேலை செய்தால் இரண்டு பார்ட்டுகள் பொருந்தாது. அளவு காட்டும் துல்லியத்தைத் தற்காலிகமாக மூன்று தசமத்துக்கு மாற்றிவிட்டு எல்லா அளவுகளையும் ஒரு முறை பார்த்தால் இவை எல்லாம் வெளியே வந்துவிடும். திருத்தும்போது மாடலைத்தான் திருத்த வேண்டும்.

திருகுத் துளைகளையும் மரைத்துளைகளையும் வெறும் வட்டமாக வெட்டாமல், மென்பொருளில் துளைக்கென்று இருக்கும் கருவியால் போடுங்கள். எம்4, மரை ஆழம் 8 என்ற விவரம் மாடலிலேயே இருந்தால், பல மென்பொருள்களில் அதைத் துளைக் குறிப்பாக டிராயிங்குக்குக் கொண்டுவர முடியும்.

தாள், டெம்ப்ளேட், பிறகு அந்த ஆங்கிள்

நம் பார்ட்டுக்கு ஏ3 தாள் பொருந்தும். 420 × 297 மி.மீ. தாளில் 1:1 அளவிலேயே மூன்று தோற்றங்களும் வசதியாக உட்காரும், ஓரத்தில் ஒரு முப்பரிமாணத் தோற்றத்துக்கும் இடம் இருக்கும். ஏ4-இல் போட்டால் 1:2 என்று சுருக்க வேண்டிவரும். அப்போது எம்4 துளைகள் கண்ணுக்கு வலிக்கும். சுருக்கும்போதும் பெருக்கும்போதும் 1:2, 1:5, 1:10, 2:1, 5:1 என்ற வழக்கமான விகிதங்களையே வையுங்கள். தாளில் அடங்க வேண்டும் என்பதற்காக 1:1.7 என்று வைப்பது படிப்பவரைத் தடுமாற வைக்கும்.

டெம்ப்ளேட்டைத் திறந்ததும் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா என்பதைத்தான். இரண்டும் ஒரே பார்ட்டைக் காட்டுகின்றன, தோற்றங்களை வைக்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஃபர்ஸ்ட் ஆங்கிளில் மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். வலப்பக்கத்திலிருந்து பார்ப்பது இடப்பக்கத்தில் வரும். தேர்ட் ஆங்கிளில் மேல்தோற்றம் மேலேயே இருக்கும், வலது வலப்பக்கமே இருக்கும். ஐரோப்பிய வழக்கத்தில் முதலாவது, அமெரிக்க வழக்கத்தில் இரண்டாவது. நம் தாங்கி இடம் வலம் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் வந்தாலும் பக்கத் தோற்றம் பெரிதாகக் கெடுக்காது. ஒரு பக்கம் மட்டும் காடி வெட்டிய பார்ட் என்றால், முறையை மாற்றிப் படிப்பவர் கண்ணாடியில் தெரிவது போன்ற பார்ட்டைச் செய்து கொடுத்துவிடுவார். அதனால் வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்களைக் காட்டும் அந்தச் சின்னக் குறியீடு, தாளின் மூலையில் விவரங்கள் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்கில் இருக்கிறதா, அது மென்பொருளின் அமைப்போடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். குறியீடு டெம்ப்ளேட் படத்தின் பகுதி. தோற்றங்களை அடுக்குவது மென்பொருளின் அமைப்பு. ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறும் என்று நம்பக் கூடாது.

ஃப்ரீகேட்டில் இந்த வேலைக்கு டெக்டிரா என்ற பகுதி இருக்கிறது. அதன் டெம்ப்ளேட்டுகள் எஸ்விஜி கோப்புகள் என்பதால், டைட்டில் பிளாக்கை உங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது சுலபம். சாலிட்ஒர்க்ஸ், இன்வென்டர், ஃபியூஷன், ஆன்ஷேப் எல்லாவற்றிலும் பெயர்கள்தான் வேறு, வேலையின் வரிசை இதேதான்.

தோற்றங்களைத் தேர்ந்தெடுப்பது

முன்தோற்றமாக எதை வைப்பது? பார்ட்டின் வடிவத்தை எந்தத் திசை அதிகமாகச் சொல்கிறதோ அதை. நம் தாங்கிக்கு, பியரிங் துளையை நேராகப் பார்க்கும் திசை. அரைவட்டத் தலை, 42 துளை, மரைத்துளைகள், அடித்தட்டின் அகலம் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகின்றன. பார்ட் இயந்திரத்தில் எப்படி நிற்குமோ அப்படியே, தட்டு கீழே இருக்கும்படி வையுங்கள்.

டெக்டிராவில் தோற்றத்தைச் சேர்க்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. மாடலின் படிகளைக் காட்டும் மரப் பட்டியலில் முழு பார்ட்டைக் குறிக்கும் பாடியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பேடை (ஸ்கெட்ச்சை எழுப்பிய ஒரு படியை) தேர்ந்தெடுத்துவிட்டால், அந்தக் கட்டம் வரை உள்ள வடிவம்தான் வரும்; பிறகு போட்ட துளைகள் காணாமல் போயிருக்கும்.

பக்கத் தோற்றத்தைச் சாதாரணமாக வைத்தால் பியரிங் துளையின் ஆழமும் உள்ளே இருக்கும் படியும் புள்ளிக்கோடுகளாகத்தான் தெரியும். 42-க்கு இரண்டு கோடு, 36-க்கு இரண்டு, மரைத்துளைகளுக்கு, நான்கு திருகுத் துளைகளுக்கு என்று சேர்ந்தால் எது எதன் கோடு என்று யாருக்கும் தெரியாது. இங்கேதான் வெட்டுத் தோற்றம் கைகொடுக்கிறது. முன்தோற்றத்தின் நடுக்கோட்டில் செங்குத்தாக ஏ-ஏ என்று வெட்டுங்கள். எல் வடிவம், 42 துளையின் 12 ஆழம், 36-ஆக ஒடுங்கும் இடம், மூலை ஃபில்லெட் எல்லாம் திடக் கோடுகளில் பளிச்சென்று வரும். வெட்டுப்பட்ட இடங்களில் 45 பாகைச் சாய்வுக் கோடுகளை மென்பொருளே நிரப்பும்.

பிறகு மேல்தோற்றம், திருகுத் துளைகளின் இடத்தைக் காட்ட. மறைந்த கோடுகளை மூன்று தோற்றங்களிலும் அணைத்துவிடலாம் என்பது என் கருத்து. வேறு எந்தத் தோற்றமும் காட்டாத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் அந்த இடத்தில் போடுங்கள்.

முப்பரிமாணத் தோற்றம் ஒன்றை மூலையில் வையுங்கள். படிப்பவர் ஒரு நொடியில் வடிவத்தைப் புரிந்துகொள்ள அது உதவும். அதில் அளவு மட்டும் போடாதீர்கள். சாய்ந்து தெரியும் கோட்டின் நீளம் உண்மை நீளம் அல்ல. மென்பொருள் எதைக் காட்டுகிறது என்பதும் அமைப்பைப் பொறுத்தது.

அளவு போடுவதற்கு முன் நடுக்கோடுகளைப் போட்டு முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் மையக் குறி, இடம் வலம் ஒத்திருக்கும் பார்ட்டுக்கு நடுவே நீளக்கோடு, 51 விட்ட வட்டத்துக்கு மெல்லிய சங்கிலிக் கோடு. துளையின் இடத்தை மையத்துக்குத்தான் அளக்கிறோம்; மையம் வரையப்படாத தோற்றத்தில் அளவு போட ஆரம்பித்தால் ஓரங்களைப் பிடித்துத் தொங்க வேண்டிவரும்.

எங்கிருந்து அளப்பது

இனி உண்மையான வேலை.

இந்தத் தாங்கி ஒரு மெஷின் படுக்கையின் மேல் அடிப்பக்கமாக உட்காரும். பியரிங்கில் ஓடும் தண்டு எதிர்ப்பக்கத்தில் உள்ள இன்னொரு தாங்கியோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த பார்ட்டிலேயே முக்கியமான அளவு அடிப்பக்கத்திலிருந்து துளை மையம் வரை உள்ள 55.

மாடலில் அது எப்படி இருக்கும்? பெரும்பாலும் இப்படி: முதலில் 12 தடிமனில் தட்டை எழுப்பியிருப்பீர்கள். பிறகு தட்டின் மேல்முகத்திலிருந்து சுவரை வரைந்து, அங்கிருந்து 43 உயரத்தில் துளை மையத்தை வைத்திருப்பீர்கள். 12-உம் 43-உம் சேர்ந்தால் 55, கணக்கு சரி. சாலிட்ஒர்க்ஸ் போன்றவற்றில் மாடலின் அளவுகளை அப்படியே டிராயிங்குக்கு இறக்கும் வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் தாளில் 12, 43 என்ற இரண்டும் வந்து நிற்கும். 55 எங்கும் இருக்காது.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். தனியாக டாலரன்ஸ் போடாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768 நடுத்தர வகையைக் குறிப்பிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன்படி 6 மி.மீ.க்கு மேல் 30 வரை உள்ள அளவுக்கு ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3. ஆகவே 12 என்பது 11.8 முதல் 12.2 வரை இருக்கலாம், 43 என்பது 42.7 முதல் 43.3 வரை இருக்கலாம். இரண்டும் சேரும்போது துளை மையம் 54.5 முதல் 55.5 வரை எங்கே இருந்தாலும் பார்ட் டிராயிங்கின்படி சரியானதுதான். செய்தவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே ஒரு மி.மீ. வரை வித்தியாசம் வரலாம், தண்டு இறுகி நிற்கும்.

அதே இடத்தில் அடிப்பக்கத்திலிருந்து நேராக 55 ±0.05 என்று ஒரே அளவைப் போட்டுவிட்டால் கதையே வேறு. மெஷினிஸ்ட் அடிப்பக்கத்தை முதலில் சீவி, அதையே ஆதாரமாக வைத்து உயரம் எடுப்பார். தட்டின் தடிமன் 11.85 ஆக வந்தாலும் தண்டுக்குக் கவலை இல்லை. 43 என்ற அளவுக்கு டிராயிங்கில் இடமே கிடையாது.

ஆகவே அளவு போட ஆரம்பிக்கும் முன், பார்ட்டின் எந்த முகங்கள் இன்னொரு பொருளைத் தொடுகின்றன என்று பாருங்கள். நம் பார்ட்டில் அடிப்பக்கம் ஒன்று, பியரிங் உட்காரும் துளை இரண்டு. சுவரின் பின்முகத்தை முன்பின் திசைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். இடம் வலம் திசைக்கு நடுக்கோடு. எல்லா அளவுகளும் இந்த நான்கிலிருந்து கிளம்பினால் டிராயிங் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

அளவுகளைப் போடும் வரிசை

முக்கியமானவற்றை முதலில், அப்புறம் மிச்சம். 55 ±0.05 முன்தோற்றத்தில் போகும். பியரிங் துளையை வெட்டுத் தோற்றத்தில் போடுங்கள்: Ø42 எச்7, ஆழம் 12 (எச்7 என்பது துளையின் டாலரன்ஸ் வகை, விளக்கம் பிறகு வருகிறது). அங்கேயே Ø36. சுவர்த் தடிமன் 16, தட்டுத் தடிமன் 12, மூலை ஆர்5 மூன்றுக்கும் அதே தோற்றம்தான் சரியான இடம். மேல்தோற்றத்தில் 100, 60, திருகுத் துளைகளுக்கு 80, 40, பின்முகத்திலிருந்து முதல் துளை வரிசைக்கு 10. துளைகள் நான்குக்கும் ஒரே குறிப்பு: 4 × Ø6.6. நான்கு இடத்திலும் தனித்தனியாக எழுதினால் தாள் நிறையும், பயன் ஒன்றும் இல்லை. மரைத்துளைக்கு முன்தோற்றத்தில் 3 × எம்4, மரை ஆழம் 8, துளை ஆழம் 11, பக்கத்தில் அவை அமையும் வட்டம் Ø51. மூன்றும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்; ஒன்று நேர் மேலே நடுக்கோட்டில் இருப்பதாக வரைந்து, அடுத்ததற்கு 120° என்று போட்டால் போதும். மரை ஆழத்தை மட்டும் சொல்லி டிரில் ஆழத்தை விட்டுவிடாதீர்கள். மரை வெட்டும் கருவியான டேப்பின் நுனிக்கு மரைக்குக் கீழே கொஞ்சம் இடம் தேவை. சுவர் 16 தடிமன்தான் என்பதால் டிரில் எதிர்ப்பக்கம் வெளியே வந்துவிடாதா என்பதையும் இந்த எண்தான் உறுதி செய்கிறது.

முழுவட்டத் துளைக்கு விட்டம், வில்லுக்கு ஆரம். சுவரின் தலைக்கு ஆர்30. இப்போது சுவரின் அகலம் 60-ஐப் போடலாமா? ஆரம் 30 என்றால் அகலம் 60 என்று தெரிந்துவிட்டது. இரண்டையும் டாலரன்ஸ் உள்ள அளவாகப் போட்டால் ஒன்றோடொன்று முரண்படும். மொத்த உயரமும் அப்படித்தான்: 55-உம் 30-உம் சேர்ந்து 85. ஆனால் கச்சாப் பொருளை அறுப்பவர் முதலில் தேடும் எண் அதுதான். இம்மாதிரி இடங்களில் (85), (60) என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவு தகவலுக்கு மட்டும், அதை வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

இதே காரணத்தால்தான் சங்கிலியை மூடக் கூடாது என்பார்கள். மேல்தோற்றத்தில் 10, 80, 10 என்று மூன்றையும் போட்டு, மேலே 100 என்றும் போட்டால் நான்கும் ஒரே நேரத்தில் தத்தம் டாலரன்ஸுக்குள் நிற்க முடியாமல் போகலாம். 80-ஐயும் 100-ஐயும் நடுக்கோட்டுக்குச் சமமாக வைத்துவிட்டு ஓரத்து 10-களை விட்டுவிடுங்கள்.

தாளின் அழகும் படிக்கும் வசதியும் ஒன்றுதான். அளவுக் கோடுகளைத் தோற்றத்துக்கு வெளியே வையுங்கள். முதல் கோடு ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. தள்ளி, அடுத்தடுத்தவை 7 அல்லது 8 மி.மீ. இடைவெளியில். சிறிய அளவு உள்ளே, பெரியது வெளியே. அப்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. எழுத்து உயரம் 3.5 மி.மீ. வைத்தால் ஏ3 தாளில் நன்றாகப் படிக்கலாம். பார்ட்டின் வெளிக்கோடு 0.5, அளவுக் கோடு 0.25 தடிமன் என்றால் கண் தானாக வடிவத்தைப் பிரித்துப் பார்க்கும். மென்பொருள் முதலில் வைக்கும் இடத்திலேயே எண்களை விட்டுவிடாமல், ஒவ்வொன்றையும் இழுத்து ஒழுங்குபடுத்தப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: அளவின் எண்ணைக் கையால் மாற்றி எழுதாதீர்கள். எல்லா மென்பொருளிலும் அதற்கு வழி இருக்கிறது. 54.98 என்று வந்ததை அழித்து 55 என்று தட்டிவிட்டால் அந்த நிமிடம் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்கும் மாடலுக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை. நாளைக்கு மையத்தை 60-க்கு உயர்த்தினாலும் தாளில் 55 என்றே அசையாமல் நிற்கும்.

டாலரன்ஸ், பரப்பு, குறிப்புகள்

எல்லா அளவுக்கும் இறுக்கமான டாலரன்ஸ் போடுவது புதியவர்களின் இயல்பு. பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு இறுக்கமும் செய்ய நேரம் கேட்கும், அளக்க நல்ல கருவி கேட்கும், விலையை ஏற்றும். நம் தாங்கியில் இறுக்கம் தேவைப்படுவது இரண்டே இடத்தில்: 42 துளையின் விட்டம், 55 உயரம். எச்7 என்று எழுதினால் 42-க்கு அது +0.025, 0 என்று பொருள். துளை 42-க்குக் கீழே போகக் கூடாது, 42.025-ஐத் தாண்டக் கூடாது. தெரியாதவர்களுக்காக அந்த எண்களையும் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் போடுவது நல்ல வழக்கம்.

மற்ற எல்லாவற்றுக்கும் டைட்டில் பிளாக்கில் ஒரு வரி போதும்: குறிப்பிடாத டாலரன்ஸ் ஐஎஸ்ஓ 2768, எம் வகை. பழைய டெம்ப்ளேட்டுகளில் எம்-ஓடு கே என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும். அது அதே தரத்தின் இரண்டாம் பாகத்தைக் குறிக்கிறது. 2021-இல் அந்தப் பாகத்துக்குப் பதிலாக ஐஎஸ்ஓ 22081 வந்துவிட்டது. புதிய டெம்ப்ளேட் செய்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவ டாலரன்ஸ் என்று தனி உலகமே இருக்கிறது. முதல் டிராயிங்கில் அதற்குள் முழுவதும் இறங்க வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் இங்கே தேவை. 55 உயரம் சரியாக இருந்தும் துளையின் அச்சு சாய்ந்திருந்தால் தண்டு சாயும். அதனால் அடிப்பக்கத்துக்கு ஏ என்ற டேட்டம் (ஆதாரம்) அடையாளத்தைப் போட்டு, துளை அச்சு ஏ-க்கு 0.05-க்குள் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் டாலரன்ஸ் கட்டத்தைச் சேருங்கள்.

பரப்பு வழவழப்பு: பொதுவாக ஆர்ஏ (பரப்பின் சராசரிக் கரடுமுரடு, மைக்ரானில்) 3.2 என்று போட்டுவிட்டு, பியரிங் துளைக்கும் அடிப்பக்கத்துக்கும் மட்டும் ஆர்ஏ 1.6.

குறிப்புகளில் பொருள் எது, கூர்மையான விளிம்புகளை எவ்வளவு மழிக்க வேண்டும், பூச்சு உண்டா என்பவை வர வேண்டும். பூச்சு உண்டென்றால் அளவுகள் பூச்சுக்கு முன்பா, பின்பா என்பதையும் எழுதுங்கள். 42 எச்7 துளையில் சில மைக்ரான் பூச்சு ஏறினாலே பியரிங் நுழையாமல் அடம்பிடிக்கும்.

அனுப்புவதற்கு முன்

பிரிண்ட் எடுங்கள், திரையில் பார்ப்பது போதாது. பிரிண்ட் அமைப்பில் "தாளுக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு 100% என்று வையுங்கள். 1:1 டிராயிங்கில் 100 அகலத்தை ஸ்கேலால் அளந்தால் 100 வர வேண்டும். இருந்தாலும் தாளை அளந்து வேலை செய்யக் கூடாது என்ற வரியை டைட்டில் பிளாக்கில் வைத்திருப்பது நல்லது. பிடிஎஃப் எந்தெந்தக் கைகளில் எந்தத் தாளில் அச்சாகும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

பிறகு ஒரு வண்ணப் பேனாவை எடுத்துக்கொண்டு, மாடலை மூடிவிட்டு, தாளை மட்டும் வைத்து அந்தப் பார்ட்டைப் புதிதாக மாடல் செய்வதாக நினைத்துப் பாருங்கள். தட்டை வரைய 100, 60, 12 கிடைக்கிறதா, கிடைத்தால் அவற்றின் மேல் கோடு போடுங்கள். சுவர் எங்கே நிற்கிறது? பின்முகம் தட்டோடு ஒரே தளத்தில் என்பது வெட்டுத் தோற்றத்தில் தெரிகிறது. தடிமன் 16, கோடு. இப்படியே போனால் கிடைக்காத அளவு எங்கே என்று உங்களுக்கே இடிக்கும். கோடு விழாமல் மிஞ்சிய அளவு எது தேவையற்றது என்றும் தெரியும். முடிந்தால் இதை மாடலைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் தலைக்குள் இருக்கும் தகவலை நீங்கள் தாளில் இருப்பதாகவே படிப்பீர்கள், அவருக்கு அந்த வசதி இல்லை.

எல்லாம் சரியென்றால் பிடிஎஃப் எடுங்கள். லேசர் அல்லது வாட்டர்ஜெட்டில் வெட்டும் தகடு என்றால் கூடவே 1:1 அளவில் டிஎக்ஸ்எஃப் என்ற இருபரிமாணக் கோட்டுக் கோப்பைக் கேட்பார்கள். அதில் அளவுக் கோடுகளும் டைட்டில் பிளாக்கும் இல்லாமல் வெளிக்கோடும் துளைகளும் மட்டும் கொடுங்கள். கோப்பின் பெயரில் பார்ட் எண்ணும் திருத்த எண்ணும் இருக்கட்டும். "கடைசி", "புதியது" என்ற பெயர்கள் இரண்டாவது வாரத்திலேயே குழப்பிவிடும்.

மாடல் மாறும்போது

மாடலைத் திருத்தினால் டிராயிங்கும் தானாக மாறும் என்பதுதான் கேட் மென்பொருளின் பெரிய சௌகரியம். பெரும்பாலும் மாறும். ஆனால் ஒவ்வொரு அளவும் மாடலின் ஏதோ ஒரு விளிம்பையோ முனையையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஃபில்லெட்டைச் சேர்த்ததும் அந்த விளிம்பே இல்லாமல் போகலாம். அப்போது அளவு நிறம் மாறித் தொங்கும். அது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது, அளவு பக்கத்து விளிம்புக்குத் தாவி, பார்க்கச் சரியானது போலவே ஒரு தவறான எண்ணைக் காட்டுவது. விளிம்புகளின் உள்பெயர் மாறிப்போகும் இந்தச் சிக்கல் ஃப்ரீகேட்டில் நீண்ட காலம் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைக் குறைக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. எந்த மென்பொருளாக இருந்தாலும், மாடலைத் தொட்டபின் டிராயிங்கைத் திறந்து ஒவ்வொரு எண்ணையும் முந்தைய பிரிண்ட்டோடு ஒப்பிடுங்கள்.

வெளியே போய்விட்ட டிராயிங்கைத் திருத்தினால் திருத்த எண்ணை ஏற்றுங்கள். மாறிய இடத்துக்குப் பக்கத்தில் முக்கோணத்துக்குள் அந்த எண்ணைப் போட்டு, திருத்தப் பட்டியலில் என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள்: "மைய உயரம் 55 → 60". "அளவுகள் திருத்தப்பட்டன" என்று பொதுவாக எழுதினால், ஏற்கெனவே பாதி செய்து வைத்திருப்பவர் தாள் முழுவதையும் தேட வேண்டியிருக்கும். பழைய பிரதிகள் யாரிடம் இருக்கின்றன என்று தெரிந்தால் அவர்களிடமிருந்து வாங்கிக் கிழித்துவிடச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் போனது என்றால், புதிய கோப்போடு பழைய திருத்த எண்ணைக் குறிப்பிட்டு, அதை இனி பயன்படுத்த வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள்.